மாக்பை ஓடைக்கு ஆடுகள் வந்த நாள்

முதல் குண்டு தொட்டியில்தான் பாய்ந்தது. மைத்தே அதிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று ரப்பர் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். லாரியின் பின்னால் கட்டியிருந்த பிளாஸ்டிக் தொட்டியின் வயிற்றில் ஓட்டை விழுந்து, களைக்கொல்லி நீல நிறத்தில் பீறிட்டு அடித்தது. எந்த இடத்தில் தெளித்தாயிற்று, எந்த இடம் பாக்கி என்று தெரிவதற்காக அதில் சாயம் கலப்பார்கள். அது அவள் கைகளிலும் மார்பிலும் வழிந்தது. ஒரு கணம் தன் இரத்தம் என்றே நினைத்தாள். நீலமாக இருக்கிறதே என்று உறைக்க இன்னொரு கணம் ஆயிற்று.

"அடுத்தது டயருக்கு," என்றார் ஆரின் டாக்கெட். வாயிற்கம்பியின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தபால்காரரிடம் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார். "அதுக்கு அடுத்தது எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

மைத்தே கையுறையைக் கழற்றிச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தாள். மருந்தில் நனைந்த கையுறை மூன்று தடவை வழுக்கியது.

"ஓட்டை போட்டது நீங்க, ஆரின். மருந்து இப்ப உங்க வாசல்லதான் ஓடுது. வேண்டாம்னு சொன்ன மருந்தை நீங்களே ஊத்திக்கிட்டீங்க."

"வாய் மட்டும் குறையலை. ஆட்டுக்காரன் வீட்டுப் பொண்ணுதானே."

"உங்க வீட்டு மருமகளும்தான். ஒன்பது வருஷமா."

அவர் ஓடைப் பக்கம் பார்த்தார். அங்கே கரை நெடுக, தோலுரிந்து வெளுத்துப்போன பருத்திமர வரிசை ஒன்று நின்றது. ஒன்றில்கூட இலை இல்லை. மைத்தே இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, மாவட்டக் களை வாரியத்தின் ஆள் ஒருவர் அந்தக் கரையில் மருந்தடித்தார். வேர் வழியாக மரத்துக்கும் ஏறிவிடும் மருந்து அது. ஆரினின் மனைவி நோலா கல்யாணமாகி வந்த வருடம் நட்ட மரங்கள் அவை. மரங்கள் காய்ந்த அதே கோடையில்தான் நோலாவும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள்.

"இன்னொரு தடவை வாரியத்து லாரி இந்த வாசலைத் தாண்டினா, ஓட்டறது யாருன்னு நான் பாக்க மாட்டேன்," என்றார். "போய் அந்தக் கிழவிகிட்ட சொல்லு."

அந்த மரங்களைச் சுற்றித்தான் பால்களை என்ற செடி முழங்கால் உயரத்துக்கு மஞ்சளும் பச்சையுமாகப் பரவிக் கிடந்தது. ஸ்பர்ஜ் என்பார்கள். தண்டை ஒடித்தால் கள்ளிபோல் வெள்ளைப் பால் வரும். மாடு அதைத் தொடாது. அது முளைத்த இடத்தில் வேறு புல் முளைக்காது. காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். ஓடையில் விழும் விதை கீழே இருக்கிற அத்தனை வைக்கோல் வயல்களுக்கும் போய்ச் சேரும். களை விதை இல்லை என்று முத்திரை வாங்கினால்தான் அந்த வைக்கோலை மலைப்பக்கம் விற்க முடியும். காய் முற்ற இன்னும் சில நாட்களே இருந்தன.

அந்தக் கிழவி என்று ஆரின் சொன்னது வாரியத் தலைவி வெர்லீன் ஸ்ட்ரவுடை. மாக்பை ஓடையின் கீழ்க்கோடியில் வைக்கோல் பயிர் செய்கிறவள். எப்போதும் சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காகிதக் குவளையில் துப்பிக்கொண்டிருப்பாள். வாரிய அலுவலக வாசலில் லாரியைச் சுற்றி வந்து, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சு."

"இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வர்ற முள்ளுக்கம்பியா?"

மைத்தே நீலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் ஷெரிஃப் வருவார். ஷெரிஃப் துப்பாக்கியைக் கேட்பார், ஆரின் கொடுக்க மாட்டார். நடுவில் போய் நிற்பது அவள் கணவன் ரீஸாகத்தான் இருக்கும். அப்பாவுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றே வளர்ந்தவன் அவன்.

"முள்ளுக்கம்பிதான் வெர்லீன்."

"சரி கண்ணு. நீ சொன்னா முள்ளுக்கம்பிதான்." குவளையில் துப்பினாள். "உள்ள வா, எல்லாரும் வந்தாச்சு."

உள்ளே நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, மத்திய நில அலுவலகம், பாசனச் சங்கம் என்று ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாவட்ட வரைபடம் தொங்கியது. கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் குண்டூசி குத்தியிருந்தது. களை ரயில் பாதையிலிருந்துதான் வந்தது என்றார் நெடுஞ்சாலைக்காரர். மத்திய நிலத்தில்தான் ஆரம்பம் என்றார் ரயில்வேக்காரர். நிலத்துக்காரர் ஓடையைக் காட்டினார். பாசனச் சங்கத்துக்காரர் பறவைகளைக் காட்டினார்.

"ஆக அதுக்கு அப்பன்னு ஒருத்தனும் இல்லை," என்றாள் வெர்லீன். "தானாப் பொறந்திருக்கு. இப்ப எப்படி அடக்கறதுன்னாவது யாராவது சொல்லுங்க."

நான்கு பேரும் ஒரே வாரத்தில் அவரவர் எல்லையில் இறங்குவது என்று அன்று முடிவாயிற்று. ஒருவர் அடித்து மற்றவர் விட்டால் களை வேலி தாண்டித் திரும்ப வந்துவிடும். ஆரினின் ஓடைக்கரை மட்டும் நடுவில் மஞ்சளாக மிஞ்சியது.

"மருந்து வேண்டாம்," என்றாள் மைத்தே. "அந்த மரங்களை நாமதான் கொன்னோம். அவர் கேக்கறது நியாயம். ஆடு விடலாம். மாடு தொடாத ஸ்பர்ஜை ஆடு விரும்பித் தின்னும். மரத்துக்கும் தண்ணிக்கும் ஒண்ணும் ஆகாது."

"யார் ஆடு?"

"இந்த மாவட்டத்துல ஸ்பர்ஜ் தின்னுப் பழகின மந்தை ஒண்ணுதான் இருக்கு. என் தம்பியோடது."

வெர்லீன் மெல்லுவதை நிறுத்தினாள். டாக்கெட் நிலத்தில் செம்மறி ஆடு கால் வைத்துத் தலைமுறைகள் ஆகின்றன. வைத்த காலத்தில் என்ன நடந்தது என்பது மாட்டுக்காரர்கள் வீட்டில் ஒரு மாதிரியும் ஆட்டுக்காரர்கள் வீட்டில் வேறு மாதிரியும் சொல்லப்படும். மைத்தேயும் ரீஸும் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வீட்டாரும் தேவாலயத்தில் எதிரெதிர் கோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மருந்துன்னா தொட்டியில சுட்டான்," என்றாள் வெர்லீன் மெதுவாக. "ஆடுன்னா எங்க சுடுவான்?"

"முள்ளுக்கம்பின்னு சொன்னேனே."

"ஆமாமா. மறந்துட்டேன்."

வாரியத்தின் வழக்கப்படி, எந்த நிலத்திலும் இறங்குவதற்கு முன்னால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை சாயந்திரம் விவசாயிகள் கூடத்தில் காபியும் பீச் கேக்கும் வைத்தார்கள். மைத்தே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிய களைகளை மேசையில் வரிசையாக வைத்தாள். களையைக் கையாளும்போது கையுறை போடுங்கள், கண்ணாடி அணியுங்கள் என்று படம் போட்ட அட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் கைகளில் நீலம் இன்னும் போகவில்லை. ஊரார் அட்டையைவிட அந்தக் கைகளைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

ஆரின் கடைசியாக வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. அவள் தம்பி எனேகோ எழுந்து ஆடு எப்படி மேயும் என்று சொல்லத் தொடங்கியதும் குறுக்கே பேசினார்.

"ஆடு மேய்ஞ்ச புல்லை என் மாடு மோந்துகூடப் பாக்காது."

"உங்க மாடு ஸ்பர்ஜையும் மோந்து பாக்கலையே, பெரியவரே," என்றான் எனேகோ. "அதனாலதானே இவ்வளவு தூரம் வந்திருக்கு. பழக்கவழக்கம் இல்லாத மாடு."

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஆரின் மேசையைத் தாண்டிவிட்டார். முதல் குத்து எனேகோவின் காதுக்குக் கீழே விழுந்தது. அவன் களைச் சட்டங்களின் மேல் சரிந்தான். கண்ணாடி நொறுங்கியது. எழுந்த வேகத்தில் ஆரினின் இடுப்பைப் பிடித்துத் தள்ளினான். காபிப் பாத்திரம் கவிழ்ந்தது. கொதிக்கிற காபி காலில் கொட்டி யாரோ அலறினார்கள். எனேகோவின் மச்சான்கள் இரண்டு பேரும், ஆரினின் அண்டை வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் நாற்காலிகளை உதைத்துக்கொண்டு பாய்ந்தார்கள். பல் ஒன்று தரையில் தெறித்து உருண்டது.

ரீஸ் அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். ஆரின் யாரென்று பார்க்காமல் திரும்பி அடித்தார். மோதிரம் ரீஸின் மேலுதட்டைக் கிழித்தது. அவன் விடவில்லை. இரத்தம் இரண்டு பேர் சட்டையிலும் வழிய, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெர்லீன் கேக் வெட்டும் கத்தியின் பிடியால் மேசையைத் தட்டினாள். "உக்காருங்கடா எல்லாரும். கேக்கு மேல ரத்தம் பட்டா இனிமே ஒருத்தனுக்கும் சுட்டுத் தர மாட்டேன்."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் மிஞ்சியதும் அவள் விதியைச் சொன்னாள். வியாழக்கிழமை காலை வரை ஆரினுக்கு நேரம். அதற்குள் அவரே களையை அடக்கினால் ஆடு வராது. இல்லையென்றால் ஆடு உள்ளே போகும்.

"வெட்டிப்போட்டா?" என்றார் ஆரின்.

"வெட்டினா அடங்காது," என்றாள் மைத்தே. "வேர் கிணத்து ஆழத்துக்குப் போகும். வருஷா வருஷம்..."

"நான் உன்னைக் கேக்கலை. அவளைக் கேக்கறேன்."

"இந்த வருஷம் விதை விடாம வெட்டினா, சட்டப்படி அதுவும் அடக்கினதுதான்," என்றாள் வெர்லீன் மனசில்லாமல்.

மைத்தே அவரிடமும் ஒரு அட்டையை நீட்டினாள். "வெட்டறதா இருந்தா கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க, ஆரின். அந்தப் பால் பொல்லாதது."

அவர் அட்டையை வாங்கி, விரல் முட்டியில் இருந்த மகனின் இரத்தத்தை அதில் துடைத்தார். பிறகு அதைத் தரையில் கொட்டிக் கிடந்த காபியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

வீட்டுச் சமையலறையில் மைத்தே ரீஸின் உதட்டைக் கழுவினாள். தையல் போட வேண்டும் என்றாள். வேண்டாம் என்றான்.

"சிரிச்சா கிழியும்."

"அப்ப சிரிக்க வைக்காதே." அவள் நீல விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். "இது எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும் மைத்தே. அப்பாவே சொல்லிட்டார். பெருமையா."

அவள் துணியைப் பிழிந்தாள். தொட்டியில் தண்ணீர் சிவந்து ஓடியது.

"நீ ஏன் ஷெரிஃபுக்குச் சொல்லலை?"

"ஏன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்." உதட்டை நாவால் தொட்டுப் பார்த்தான். "வியாழக்கிழமை நான் வாசல்ல நிப்பேன். ஆட்டுக்கும் அவருக்கும் நடுவுல. என்னைச் சுட மாட்டார்."

"இன்னிக்கு யாருன்னு பாத்தா அடிச்சார்?"

"பாத்திருந்தா அடிச்சிருக்க மாட்டார்."

"அதைத்தான் நானும் சொல்றேன், ரீஸ்."

அவன் அவள் நெற்றியில் முத்தமிடக் குனிந்தான், உதடு வலித்து முகத்தைச் சுளித்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. உதடு மறுபடியும் கிழிந்தது. ஒன்பது வருடமாக இந்த மனிதனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறாள். அவன் இல்லாத மேசையை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

இரண்டு நாளும் ஆரின் வெட்டவில்லை. தள்ளிப்போட முடியாது என்று கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் வேலையை முடித்தாராம். வியாழக்கிழமை விடியும்போதுதான் ஓடைக்கரையில் இயந்திரச் சத்தம் கேட்டது. தோளில் மாட்டிக்கொண்டு நைலான் கயிறு சுழற்றிப் புல் வெட்டும் இயந்திரம். கத்திபோல் அறுக்காது, அடித்துக் கூழாக்கும்.

ஆடுகள் ஊர்ச் சாலையில் வந்து நின்றன. முன்னால் போகும் கிடாவின் கழுத்தில் மணி. மந்தையைச் சுற்றி சூரி என்கிற பெரிய வெள்ளைக் காவல் நாய். ஓநாயையே விரட்டிய நாய் அது. எனேகோ காதுக்குக் கீழே கன்றிப்போன முகத்தோடு தடியை ஊன்றி நின்றான். மைத்தே லாரியோடு வந்திருந்தாள். தொட்டி காலிதான். ஆனால் லாரியின் பக்கத்தில் எப்போதும் கட்டியிருக்கும் நல்ல தண்ணீர்க் கேன் நிறைந்திருந்தது. மருந்து கண்ணில் பட்டால் கழுவுவதற்கு அது இல்லாமல் எந்த வாரிய வண்டியும் கிளம்பக் கூடாது.

ரீஸ் சொன்னபடி வாசலில் நின்றான்.

"வெட்டறார்," என்றான் எனேகோ. "வெட்டி முடிச்சா நாங்க திரும்பிப் போறோம். எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லை."

"முடிக்க மாட்டார்," என்றான் ரீஸ். "பாதிகூட ஆகாது. ஆனா வெட்டட்டும்."

இயந்திரச் சத்தம் திடீரென்று உச்சத்துக்குப் போய், நின்றது.

பிறகு கேட்ட சத்தம் மனிதக் குரல் என்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை. சூடு போடும்போது கன்று போடுகிற சத்தம்போல் இருந்தது. ஆரின் பால்களைக்கு நடுவில் எழுந்து நின்றார். முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளைத் துளிகள். இரண்டு கண்களையும் உள்ளங்கையால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க இன்னும் கத்தினார்.

"தேய்க்காதீங்க," என்று மைத்தே கத்தினாள். "ஆரின், தேய்க்காதீங்க. கையிலயும் அதே பால்தான்."

அவள் குரல் அவருக்குக் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது.

"நீயா? என் மேலயே அடிச்சிட்டியாடி? கண்ணுல மருந்தடிச்சிட்டியா?"

"மருந்து இல்லை, அது ஸ்பர்ஜ் பால்..."

அவர் தரையில் தடவினார். பட்ட மரத்தில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி கைக்கு வந்தது. அதற்குள் சத்தத்தில் மிரண்ட கிடா திறந்திருந்த வாசலைத் தாண்டி உள்ளே ஓடியது. மணி கணகணவென்று அடித்தது. மந்தை பின்னாலேயே பாய்ந்தது. மந்தையின் பக்கத்தில் ஒரு மனிதன் கத்திக்கொண்டு கையை வீசுவதைப் பார்த்த சூரி, தான் பழகிய வேலையைச் செய்தது. நேராக அவரை நோக்கி உறுமிக்கொண்டு ஓடியது.

ஆரின் உறுமல் வந்த திசையில் சுட்டார். நாய் ஓடிய வேகத்தில் தலைகுப்புற உருண்டு, அவர் காலடியில் வந்து விழுந்தது. பின்னங்கால்கள் மண்ணைப் பிறாண்டின. எனேகோவின் வாயிலிருந்து அவர்கள் தாய்மொழியில் ஒரு சொல் வந்தது. அவன் தடியை ஓங்கிக்கொண்டு ஓடினான். ரீஸ் அவனை முந்தினான்.

"அப்பா, நான்தான். சுடாதீங்க, நான் ரீஸ்..."

மணிச் சத்தமும் ஆட்டுக் கத்தலும் அவன் குரலை விழுங்கின. ஆரினுக்குக் கேட்டதெல்லாம் தன்னை நோக்கி ஓடி வருகிற காலடிகள். இரண்டாவது தடவை சுட்டார்.

ரீஸ் யாரோ காலை வாரிவிட்டதுபோல் பக்கவாட்டில் விழுந்தான். தொடையைப் பிடித்துக்கொண்டான். விரல் இடுக்குகளில் இரத்தம் வந்தது. ஆரின் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு குண்டு லாரியின் கண்ணாடியை உடைத்தது. ஒரு ஆடு கழுத்தில் அடிபட்டு முட்டிபோட்டது. எனேகோ ரீஸின் மேல் குப்புற விழுந்து அவனை மறைத்தான். எதற்காக அப்படிச் செய்தான் என்று பிறகு கேட்டபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

மைத்தே கணவனிடம் ஓடவில்லை. ஓடினால் காலடி கேட்கும். குண்டுச் சத்தத்தில் திரும்பி ஓடி வந்த கிடா அவளுக்குப் பக்கத்தில் வேலியில் கொம்பு மாட்டி நின்றது. சட்டைப்பைக் கத்தியால் அதன் கழுத்து வாரை அறுத்தாள். மணியைக் கையால் பொத்தி எடுத்து, பலம் கொண்ட மட்டும் ஓடையின் அந்தப் பக்கம் புதருக்குள் எறிந்தாள். மணி கற்களில் மோதி மோதி ஒலித்துக்கொண்டு போனது. ஆரின் அந்தப் பக்கம் திரும்பிச் சுட்டார், மறுபடியும் சுட்டார். பிறகு துப்பாக்கி டிக்கென்றது.

அவள் தண்ணீர்க் கேனோடு ஓடினாள்.

ஆரின் துப்பாக்கியைக் குழல் பக்கம் பிடித்துச் சுழற்றினார். கட்டை அவள் தோளெலும்பில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கேன் கையை விட்டு உருண்டது. மறு வீச்சு வருவதற்குள் தலையைக் குனிந்து அவர் வயிற்றில் மோதினாள். இரண்டு பேரும் நசுங்கிய களையின் மேல் விழுந்தார்கள். அவர் அவள் முடியைப் பிடித்து இழுத்தார், கையைக் கடித்தார். அவள் நல்ல கையை மடக்கி அவர் தாடையில் குத்தினாள், மறுபடியும் குத்தினாள். மார்பின் மேல் ஏறி, முழங்கால்களால் அவர் கைகளை அழுத்தினாள்.

"கண்ணைத் திறங்க."

"கொல்லு. கொன்னுட்டுப் போ."

"திறங்கன்னு சொல்றேன்."

அவர் இமைகளை இறுக்கிக்கொண்டார். அவள் விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இமைகள் ஏற்கனவே பழம்போல் வீங்கியிருந்தன. பின்னால் ரீஸ் முனகினான். திரும்பிப் பார்க்காமல் இருக்க அவள் பல்லைக் கடித்தாள். அங்கே எனேகோவின் குரல் கேட்டது.

"காலைத் தூக்கு. இன்னும் தூக்கு. உங்க அப்பன் என் நாயைக் கொன்னுட்டான், தெரியுமா? அசையாதே. பெல்ட்டை இறுக்கப் போறேன்."

"அப்பா கண்ணு..." என்றான் ரீஸ். "மைத்தே, முதல்ல அவர் கண்ணு. எனக்கு ஒண்ணும்..." மீதியைச் சொல்ல முடியாமல் கத்தினான்.

ஆரினின் தலை ஆடுவது நின்றது.

"யாரது கத்தறது?"

உருண்டு கிடந்த கேனை மைத்தே எட்டி இழுத்தாள்.

"யாரது?"

"உங்க பையன். நீங்க சுட்டது அவனைத்தான்."

அவர் உடம்பு அவளுக்குக் கீழே தளர்ந்தது. போராட்டம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே போனதுபோல் இருந்தது. பிறகு அவரே வீங்கிய இமைகளைத் திறக்க முயன்றார். முடியவில்லை. "திற," என்றார். "திறந்து ஊத்து. நான் அவனைப் பாக்கணும்."

அவள் ஒரு கையால் இமையைப் பிரித்து, மறுகையால் கேனைச் சாய்த்தாள். முறிந்த தோள் ஒவ்வொரு தடவையும் கத்தியாய்க் குத்தியது. தண்ணீர் வெள்ளையாய் வழிந்து, பிறகு தெளிந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாமல் ஊற்றினாள்.

மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். எலும்புக்கும் பெரிய இரத்தக் குழாய்க்கும் நடுவில் அது போயிருந்தது. ரீஸ் பிழைத்தான். நொண்டுவான் என்றார் டாக்டர். வீட்டு மேசையில் அவன் நாற்காலி காலியாக இருக்காது என்பதற்கு மேல் எதையும் மைத்தே கேட்டுக்கொள்ளவில்லை. நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கட்டோடு, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள்.

அங்கேயே வந்து வெர்லீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் சூரியகாந்தி விதை இல்லை.

"அது முள்ளுக்கம்பி இல்லை," என்றாள் மைத்தே.

"தெரியும் கண்ணு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா துப்பாக்கி அவர் கையில இருந்திருக்காது."

"எனக்கும் அன்னிக்கே தெரியும். நானும் சொல்லலை." வெர்லீன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "வாரியக் கூட்டத்துல இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடுவோம். வேலையை விட்டு அனுப்பினா அனுப்பட்டும்."

அனுப்பவில்லை. கண்டித்ததோடு விட்டார்கள். ஆனால் அது பிறகு நடந்தது.

ஷெரிஃப் ஆரின் வீட்டிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் எடுத்துப் போனார். வழக்கு வரும் வரை வீட்டை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. அவர் கண்களில் கட்டோடு வாசல் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கண் தேறும், இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றிருந்தார்கள்.

ஆடுகள் ஓடைக்கரையை மேய்ந்து முடித்துவிட்டன. ஆனால் உடனே கிளம்ப முடியாது. அவற்றின் வயிற்றில் முற்றிய விதை இருக்கலாம். அது கழிந்து வெளியேறும் வரை மேய்ந்த இடத்திலேயே அடைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழியெல்லாம் களையை விதைத்துக்கொண்டு போகும். அதனால் ஆரினின் மாட்டுக் கொட்டடியிலேயே மந்தையை அடைத்து, எனேகோ அங்கேயே கூடாரம் போட்டிருந்தான். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மைத்தே காலையும் மாலையும் வந்து ஆரினின் கண்ணுக்கு மருந்து விட்டாள். அவர் முகத்தைக் காட்டினார்.

ரீஸை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, எனேகோ தண்ணீர் எடுக்க வாசல் பக்கம் வந்தான்.

"நாயை எங்க பொதைச்சே?" என்றார் ஆரின், கட்டுப்போட்ட முகத்தைத் திருப்பாமல்.

எனேகோ வாளியைக் கீழே வைத்தான். "அந்தப் பட்ட மரங்க வரிசையில. கேக்கலை உங்களை. கேக்கணும்னு தோணலை."

ஆரினின் கை நாற்காலிப் பிடியை இறுக்குவது தெரிந்தது.

"அங்க மண்ணு இளக்கம்," என்றார் கடைசியில். "ஆழமாத் தோண்டினியா?"

"இடுப்பளவு."

"பத்தாது. நரி கிளறிடும். களஞ்சியத்துக்குப் பின்னால பழைய அஸ்திவாரக் கல்லு கிடக்கு. பெருசாப் பாத்து எடுத்து மேல அடுக்கு."

எனேகோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் களஞ்சியத்துப் பக்கம் போனான். கல்லோடு கல் மோதும் சத்தம் கேட்டது.

ரீஸ் ஊன்றுகோல்களை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். ஆரின் அந்தச் சத்தத்தை முதல் படியிலேயே அடையாளம் கண்டுகொண்டார். "ரீஸா?" என்றார். ரீஸ் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டினான்.

கிழவரின் கை காற்றில் தடவி, மகனின் தொடைக் கட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது.

ரீஸ் சிறிது நேரம் அப்படியே விட்டான். பிறகு அந்தக் கையை எடுத்து, ஒதுக்கித் தள்ளாமல், நாற்காலிப் பிடியின் மேல் வைத்தான்.

"இன்னும் வலிக்குதுப்பா," என்றான்.